லொசேர் மாவட்டத்தின் கொம்யூன்கள்: பழைய பட்டியலில் 185, புதிய பட்டியலில் 152. எதைப் பின்பற்றுவது?

இளவேனில்

பிரான்சின் ஊரகப் பகுதிகளைப் பற்றித் தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரைகள் எழுதும் பணியில் சில நண்பர்களோடு ஈடுபட்டிருக்கிறேன். இப்போது எடுத்துக்கொண்டிருப்பது, நாட்டின் தெற்கே நடுமலைத் தொகுதியில் அமைந்துள்ள லொசேர் மாவட்டம். பெருநிலப் பிரான்சில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அது; ஏறத்தாழ 76,000 பேர் மட்டுமே அங்கு வாழ்கிறார்கள். தலைநகர் மாந்த், அடுத்த நகரங்களான மர்வெஜோல், சேன்-ஷெலி-தாப்ஷே, லாங்கோன், தெற்கே ஃப்ளோராக் ஆகியவை பற்றி எழுதுவதில் சிக்கல் எழவில்லை. சிற்றூர்களுக்கு வந்தபோதுதான் தடுமாற்றம் தொடங்கியது.

2010ஆம் ஆண்டுவாக்கில் அச்சான வரைபடத்தில் 185 கொம்யூன்கள் (மேயரும் மன்றமும் கொண்ட மிகச் சிறிய உள்ளாட்சி அலகுகள்) காணப்படுகின்றன. 2019ஆம் ஆண்டின் அரசுப் பட்டியலில் 152 மட்டுமே உள்ளன. சேந்த்-எனிமி, ல பிளெமார், ஓமோன்-ஓப்ராக் போன்ற பெயர்பெற்ற ஊர்கள் புதிய பட்டியலில் தனிக் கொம்யூன்களாக இல்லை. அவற்றுக்குப் பதிலாக நீண்ட புதுப் பெயர்கள் நிற்கின்றன. மாவட்ட மன்றத் தேர்தலுக்கான தொகுதிகளாகிய காந்தோன்களும் 25 என்பதிலிருந்து 13 ஆகக் குறைந்திருக்கின்றன. இவற்றுள் எந்த அடுக்கை அடிப்படையாகக் கொண்டு கட்டுரைகளைப் பிரிப்பது முறை என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வரைபடவாணன்

தென் பிரான்சில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே விடையளிக்க விரும்புகிறேன். ஏனெனில் இந்த மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் அடுக்குகளைப் பார்ப்போம். மாவட்டம் 1790இல் உருவானது. பழைய ஜெவோதான் நாட்டின் பெரும்பகுதியே அதன் உடல். ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளப்படவில்லை. வடகிழக்கிலிருந்த சோக் பகுதி ஓத்-லுவார் மாவட்டத்துக்குப் போயிற்று. ஊஸேஸ் மறைமாவட்டத்திலிருந்து வில்ஃபோரும், அலேஸ் மறைமாவட்டத்திலிருந்து மெய்ருயேஸும் இங்கு வந்து சேர்ந்தன. 1764 முதல் 1767 வரை மக்களை அச்சுறுத்திய ஜெவோதான் விலங்கின் கதையைப் படிப்பவர்கள், அந்நிகழ்ச்சிகளில் ஒரு பகுதி இன்றைய லொசேருக்கு வெளியே நடந்ததைக் கண்டு குழம்புவது இதனால்தான்.

மாவட்டத்துக்குக் கீழே அரோந்திஸ்மான் என்னும் உட்பிரிவு. 1800இல் மாந்த், மர்வெஜோல், ஃப்ளோராக் என மூன்று உட்பிரிவுகள் அமைக்கப்பட்டன. 1926இல் செலவைக் குறைக்கும் பொருட்டு நாடெங்கும் பல உட்பிரிவுகள் நீக்கப்பட்டபோது மர்வெஜோல் தன் தகுதியை இழந்தது. இன்று இருப்பவை இரண்டு. ஏறத்தாழ 2,000 பேர் வாழும் ஃப்ளோராக் இன்னும் துணை ஆட்சித் தலைநகராக நீடிக்க, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் பெரிதான மர்வெஜோல் அத்தகுதியின்றி இருப்பது முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். வரைபடத்தில் மலைகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். மர்வெஜோலிலிருந்து மாந்துக்கு லோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கமாக எளிதாகப் போய்விடலாம். ஃப்ளோராக்கோ லொசேர் மலைக்கு அப்பால், தார்ன் ஆற்றின் தொடக்கப் பள்ளத்தாக்குகளும் செவென் மலைச்சரிவுகளும் கூடும் இடத்தில் இருக்கிறது. மலையின் உச்சியான ஃபினியேல் 1,699 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து மக்களுக்கு மாந்த் அண்மை ஊர் அன்று.

வரலாறும் வேறு. வடக்கு கத்தோலிக்க நிலம்; தெற்கிலுள்ள செவென் பள்ளத்தாக்குகள் புரோட்டஸ்டண்ட் நிலம். 1702ஆம் ஆண்டு ஜூலையில் பாதிரியார் ஷெலா கொல்லப்பட்டதும், அதனால் புரோட்டஸ்டண்டுகளின் கிளர்ச்சியான கமிசார் போர் மூண்டதும் பாந்-த-மோன்வேர் ஊரில்தான். 1970இல் உருவான செவென் தேசியப் பூங்காவின் தலைமையகமும் ஃப்ளோராக் கோட்டை மாளிகையில் அமைந்தது. ஆகவே உட்பிரிவு என்பது இங்கு வெறும் நிர்வாகக் கோடு மட்டும் அன்று.

காந்தோன் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பாகூர்வாசி

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்குக் கொம்யூன் என்பது பழகிய சொல். 1880ஆம் ஆண்டின் ஆணைப்படி இங்கு கொம்யூன்கள் அமைக்கப்பட்டு மேயர்களும் இருந்தார்கள். இன்றும் புதுச்சேரிப் பகுதியில் ஐந்தும் காரைக்காலில் ஐந்துமாகக் கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. லொசேரில் ஒரு கொம்யூன் சராசரியாக 500 பேருக்கு ஒன்று என்பது எனக்கு நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாகத் தெரிகிறது. அவ்வளவு சிறிய அமைப்பு எதைச் செய்யும்?

வரைபடவாணன்

நல்ல கேள்வி. மிகச் சிறிய கொம்யூனாயினும் சட்டத்தின் பார்வையில் அதற்கும் மாந்துக்கும் தகுதி வேறுபாடு இல்லை. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் அங்கேதான் வைக்கப்படுகின்றன; 1792இல் இப்பணி திருச்சபையிடமிருந்து கொம்யூன்களுக்கு மாற்றப்பட்டது. தொடக்கப்பள்ளிக் கட்டடம், கல்லறை, உள்ளூர்ச் சாலைகள், கட்டட அனுமதி ஆகியவை மேயரின் பொறுப்பு. நடுநிலைக் கல்லூரி எனப்படும் பள்ளிக் கட்டடங்கள் மாவட்டத்தைச் சேரும். உயர்நிலைப்பள்ளிகள் லொசேர் அடங்கிய ஒக்சிதானி மண்டலத்தைச் சேரும். முதியோருக்கான உதவித்தொகையும் மாவட்டச் சாலைகளும் மாவட்டத்தின் வேலை. மேயர் ஊராரின் சார்பாளர் மட்டும் அல்லர். அரசின் சார்பாகவும் சில கடமைகளைச் செய்பவர்.

100 பேருக்குக் குறைந்த ஊரில் மன்ற உறுப்பினர்கள் ஏழு பேர். 100 முதல் 499 வரை என்றால் பதினொருவர். அவர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தகைய ஊர்களில் மேயரின் செயலர் வாரத்தில் சில அரைநாள்கள் மட்டுமே அலுவலகத்தில் இருப்பார். மற்ற நேரங்களில் மேயரின் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

தணிகைவேலன்

மன்னிக்கவும், நான் மாறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 76,000 பேருக்கு 152 மேயர்கள், அவர்களுக்கு மேல் கொம்யூன் கூட்டமைப்புகள், காந்தோன்கள், உட்பிரிவுகள், மாவட்டம், மண்டலம் என்று இத்தனை அடுக்குகள் தேவைதானா? இந்தியாவில் ஒரு நகராட்சி தாங்கும் மக்கள்தொகைக்கு அங்கு ஒரு முழு மாவட்ட எந்திரம் இயங்குகிறது. இணைப்புகள் நடந்தது சரியே என்றும், இன்னும் பத்து அல்லது பதினைந்து பெரிய கொம்யூன்களாகச் சுருக்கிவிடலாம் என்றும் கருதுகிறேன். உங்கள் ஊர்ப்பற்று புரிகிறது. ஆனால் வரி செலுத்துவோரின் பணமும் கணக்கில் வர வேண்டும்.

வரைபடவாணன்

உங்கள் வாதம் பிரான்சிலேயே பலமுறை வைக்கப்படும் வாதம்தான், அதை மதிக்கிறேன். ஆயினும் தலைகளை மட்டும் எண்ணுவதால்தான் அது வலுவாகத் தோன்றுகிறது. நிலத்தையும் அளந்து பாருங்கள். லொசேரின் பரப்பு 5,167 சதுர கிலோமீட்டர். அதை 152 ஆல் வகுத்தால் ஒரு கொம்யூனுக்கு ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர் வருகிறது. பெருநிலப் பிரான்சின் சராசரி ஏறத்தாழ 15. அதாவது, இணைப்புக்கு முன் 185 இருந்தபோதே லொசேரின் கொம்யூன்கள் நாட்டின் சராசரியைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு பெரியவை. நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விட இங்குக் கொம்யூன்கள் நெருக்கமாகக் குவிந்து கிடக்கின்றன என்பது உண்மையன்று. மக்கள்தான் குறைவு.

அந்தக் குறைவும் இயற்கையாக இருந்தது அன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 1,44,000 பேர் வாழ்ந்தார்கள். கொம்யூன்களின் எல்லைகள் பெரும்பாலும் அந்த மக்களுக்கும் அதற்கு முந்தைய திருச்சபைப் பங்குகளுக்கும் வகுக்கப்பட்டவை. மக்கள் சமவெளிக்கும் நகரங்களுக்கும் போனார்கள். சாலைகளும் குடிநீர்க் குழாய்களும் குக்கிராமங்களும் போகவில்லை. மெழான் பீடபூமியின் மேலுள்ள ஊர்-லா-பராத் கொம்யூனை எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு பேர்தான். ஆனால் பண்ணைவீடுகளும் சிறு குடியிருப்புகளும் சுண்ணாம்புக்கல் பீடபூமி முழுதும் சிதறிக் கிடக்கின்றன. பனி விழுந்த காலையில் எந்த வழியை முதலில் திறக்க வேண்டும், எந்த வீட்டில் தனியாக வாழும் முதியவர் இருக்கிறார் என்பதை அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும். பத்துக் கொம்யூன்களாகச் சுருக்கினால், ஒவ்வொன்றும் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். அப்போது மேயர் மற்றுமொரு தொலைவிலிருக்கும் அதிகாரியாகிவிடுவார்.

செலவைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். இச்சிற்றூர்களின் மன்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் எந்த ஊதியமும் பெறுவதில்லை. அவர்கள் இலவசமாகச் செய்யும் வேலையை, பெரிய கொம்யூன் ஊதியம் கொடுத்துச் செய்விக்க வேண்டிவரும்.

இளவேனில்

அப்படியானால் இந்த இணைப்புகள் ஏன் நடந்தன? அவை பெரும்பாலும் 2016, 2017, 2019 ஆகிய ஆண்டுகளின் ஜனவரி 1இல் நடந்திருப்பதைக் காண்கிறேன்.

வரைபடவாணன்

நாளே காரணத்தைச் சொல்கிறது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 16இன் சட்டம் "புதிய கொம்யூன்" என்னும் வடிவத்தைக் கொண்டுவந்தது; பல ஆண்டுகள் அது அவ்வளவாகப் பயன்படவில்லை. 2014க்குப் பின் நடுவண் அரசு உள்ளாட்சிகளுக்கான மானியத்தைக் குறைக்கத் தொடங்கியது. அதே வேளையில் 2015 மார்ச் 16இன் சட்டம், குறிப்பிட்ட நாளுக்குள் இணையும் சிறு கொம்யூன்களுக்கு மூன்று ஆண்டுகள் அந்த மானியம் குறையாது என்று உறுதியளித்தது. அடுத்த தேர்தல் வரை பழைய மன்ற உறுப்பினர்கள் அனைவரும் பதவியில் நீடிக்கவும் வழி செய்தது. வரவு செலவு இழுபறியாக இருந்த மலை ஊர்கள் அதைக் கணக்கிட்டு இணைந்தன.

அதோடு, 2015 ஆகஸ்டு 7இன் சட்டம் கொம்யூன் கூட்டமைப்புகளுக்குக் குறைந்தது 15,000 பேர் வேண்டும் என்றது. மலைப்பகுதிகளுக்கும் மக்கள் அடர்த்தி குறைந்த இடங்களுக்கும் 5,000 வரை தளர்வு தந்தது. கூட்டமைப்புகள் பெரிதாகப் போகின்றன என்றவுடன், அந்தப் பெரிய அவையில் தங்கள் குரல் கரைந்துவிடக்கூடாது என்பதற்காகவே சில ஊர்கள் முன்கூட்டி ஒன்றுசேர்ந்தன. ஆக, சிறுமையின் பயனின்மையால் இணைந்தார்கள் என்பதைவிட, குரலைக் காத்துக்கொள்ள இணைந்தார்கள் என்பதே பல இடங்களில் பொருந்தும்.

சில எடுத்துக்காட்டுகளை உங்கள் கட்டுரைகளுக்காகத் தருகிறேன். 2016இல் ஃப்ளோராக்கும் லா சால்-ப்ருனேவும் சேர்ந்து ஃப்ளோராக் த்ருவா ரிவியேர் ஆயின. அதே நாளில் பாந்-த-மோன்வேர், ஃப்ரெசினே-த-லொசேர், சேன்-மொரிஸ்-த-வாந்தலோன் மூன்றும் பாந்-த-மோன்வேர் தென் லொசேர் மலை என்னும் பொருளுடைய பெயரில் ஒன்றாயின. 2017இல் சேந்த்-எனிமி, மோன்ப்ரன், கெசாக் ஆகியவை தார்ன் பள்ளத்தாக்கின் பெயரால் ஒரே கொம்யூனாயின. ல பிளெமார், பாஞோல்-லே-பேன் உள்ளிட்ட ஆறு ஊர்கள் மோன் லொசேர் ஏ குலே என்பதில் அடங்கின. ஓமோன்-ஓப்ராக்கைத் தலைமையாகக் கொண்டு ஆறு ஊர்கள் பேர் ஆன் ஓப்ராக் என்று பெயர் சூடின. அவற்றுள் ழாவோல் ஒன்று; ரோமர் காலத்தில் கபால் மக்களின் தலைநகராய் இருந்த அந்தெரிதும் அதுவே. இன்று அது ஒரு கொம்யூன்கூட இல்லை என்பது எனக்கு வருத்தம் தருவதை மறைக்க விரும்பவில்லை.

குறிஞ்சிநிலம்

இழையை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். புதுப் பெயர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஜெவோதானில் பண்டு எட்டுப் பிரபு நிலங்கள் இருந்தன: அப்ஷே, கனிலாக், செனாரே, ஃப்ளோராக், மெர்கோர், பேர், ராந்தோன், துர்னேல். புதிய கொம்யூன்கள் பெயர் தேடியபோது பேர், ராந்தோன், கனிலாக் ஆகியவை மீண்டும் முன்வந்தன. 2019இல் ரியூதோர்-த-ராந்தோனை மையமாக வைத்து ஐந்து ஊர்கள் இணைந்த மோன்-த-ராந்தோனும் அப்படியே. எந்த ஒரு ஊரின் பெயரை வைத்தாலும் மற்ற ஊர்கள் மனங்கோணும் என்ற நிலையில், எல்லோருக்கும் பொதுவான பழைய நிலத்தின் பெயர் உதவிற்று.

இன்னொன்று, எந்தப் பட்டியலிலும் காணப்படாத அடுக்கு. கொம்யூனுக்கும் கீழே "கொம்யூன் பிரிவு" என்று ஒன்று லொசேரில் பரவலாக உண்டு. மார்ஜெரிட் மேடுகளிலும் ஓப்ராக் பீடபூமியிலும் லொசேர் மலையிலும் பல மேய்ச்சல் நிலங்களும் காடுகளும் தனியாருக்கும் சொந்தமல்ல, கொம்யூனுக்கும் சொந்தமல்ல. அவை ஒரு குறிப்பிட்ட குக்கிராமப் பிரிவுக்குரியவை. அக்குடியிருப்பில் உண்மையாக வசிப்போருக்கே அவற்றின் பயன் உரியது. பண்ணை வைத்து அங்கேயே வாழ்பவருக்கு மேய்ச்சலில் முன்னுரிமை. ஓர் ஆண்டில் வெளியேறிப் பக்கத்துக் குடியிருப்பில் வீடு கட்டிக்கொண்டவர் அந்த உரிமையை இழக்கிறார். பிறப்பால் வருவதன்று, அடுப்பெரியும் வீட்டால் வருவது. 2013 மே 27இன் சட்டம் புதிய பிரிவுகள் உருவாவதைத் தடைசெய்தது. கொம்யூன்கள் அந்நிலங்களைத் தம் வசமாக்கிக்கொள்ள வழிகளையும் திறந்தது. ஆனாலும் ஏராளமானவை நிலைத்திருக்கின்றன. ஆறு கொம்யூன்கள் ஒன்றானாலும் மேய்ச்சல் நிலத்தின் எல்லை அசையவில்லை. மாடு வளர்ப்பவருக்கு மேயர் யார் என்பதைவிடச் சில சமயம் இதுவே பெரிய செய்தி.

தணிகைவேலன்

பிரிவு நிலங்களைப் பற்றி இதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை, நன்றி. பரப்பளவு பற்றிய வாதத்தையும் ஏற்கிறேன். என்றாலும் காந்தோன் என்னும் அடுக்கு எதற்கு என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

வரைபடவாணன்

அதில் உங்களோடு நான் உடன்படும் பகுதி உண்டு. காந்தோன் முன்பு உயிருள்ள அடுக்காக இருந்தது. அதன் தலைமையூரில் 1958 வரை அமைதி நீதிபதி அமர்ந்தார். காவற்படையினரின் நிலையம், வரி அலுவலகம், சந்தை, மருத்துவர் என எல்லாம் அங்குக் கூடின. வில்ஃபோர், நஸ்பினால், ல மாஸெக்ரோ, ஷாத்தோநோஃப்-த-ராந்தோன், பார்-தே-செவென் போன்ற ஊர்கள் தங்கள் அளவுக்கு மீறிய முகத்தைப் பெற்றிருப்பது அதனால்தான். அவ்வூர்களின் சதுக்கத்தில் நின்றால், சில நூறு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கல் கட்டடங்கள் என்று தோன்றும்.

2013 மே 17இன் சட்டம் அதை மாற்றியது. ஒவ்வொரு காந்தோனிலும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இணையாகப் போட்டியிட வேண்டும் என்றும், காந்தோன்களின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என்றும் ஆனது. 25 காந்தோன்கள் 13 ஆயின. 2015 மார்ச் தேர்தல் முதல் 26 உறுப்பினர்கள் மாந்தில் கூடுகிறார்கள். மாந்த் நகரம் மட்டும் இரண்டு காந்தோன்களாகப் பிரிந்திருக்கிறது. மற்றவற்றில் ஃப்ளோராக், லாங்கோன், மர்வெஜோல், சேன்-ஷெலி, லா கனூர்க், கிராந்ரியு, சேன்-அல்பான் போன்றவை பெயரளவில் தொடர்ந்தன. தலைமையூர் என்ற தகுதியும் போய், வாக்குகளைத் தொகுக்கும் ஊர் என்ற பொருளில் மட்டுமே ஓரிடம் குறிக்கப்படுகிறது. பெண்களுக்குச் சரிபாதி இடம் கிடைத்தது பெரும் நன்மை. அதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் செவென் பள்ளத்தாக்குகளில் சேன்-ஜெர்மேன்-த-கல்பேர்த் போன்ற பழைய காந்தோன் ஊர்கள் ல கொலே-த-தேஸ் காந்தோனுக்குள் கரைந்தன. இன்று காந்தோன் என்பது அங்குத் தேர்தல் தொகுதி, அவ்வளவே. கட்டுரைப் பிரிப்புக்கு அதை அடிப்படையாக வைக்க வேண்டாம்.

இளவேனில்

அப்படியானால் இவ்வாறு செய்யலாமா: சட்டப்படி நிலவும் 152 கொம்யூன்களுக்கு ஒவ்வொரு கட்டுரை, அவற்றுள் இணைந்த பழைய ஊர்களுக்குத் தனிக் கட்டுரை, இரண்டையும் ஒன்றோடொன்று இணைப்பது. பழைய ஊர்களின் மக்கள்தொகையை இணைப்புக்கு முந்தைய கணக்கோடு நிறுத்துவதா?

வரைபடவாணன்

நிறுத்த வேண்டாம். இணைந்த பழைய ஊர்களில் பல "ஒப்படைவுக் கொம்யூன்" என்ற தகுதியோடு தொடர்கின்றன. அவற்றுக்குத் தனி மேயர் அலுவலகக் கிளையும் ஒப்படைவு மேயரும் உண்டு, பிறப்பு இறப்புப் பதிவையும் அங்கேயே செய்யலாம். அவற்றின் மக்கள்தொகையும் தனியாக வெளியிடப்படுகிறது. அஞ்சல் எண்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: 48000 மாந்துக்கும், 48400 ஃப்ளோராக்குக்கும் உரியவை என்றாலும், ஒரே எண் பல கொம்யூன்களுக்குப் பொதுவாக இருக்கும், ஒரே புதிய கொம்யூனுக்குள் இரண்டு எண்கள் வருவதும் உண்டு. அஞ்சல் எண்ணைக் கொண்டு எல்லையைத் தீர்மானிக்காதீர்கள். புள்ளியியல் நிறுவனம் கொடுக்கும் ஐந்திலக்கக் குறியீடே நம்பத்தக்கது. மாந்துக்கு அது 48095.

பாகூர்வாசி

ஒன்றை மட்டும் கேட்டு விடைபெறுகிறேன். இவ்வளவு சிறிய ஊர்களில் தேர்தல் எப்படி நடக்கிறது? கட்சிகள் உண்டா?

வரைபடவாணன்

மிகச் சிறிய ஊர்களில் கட்சிப் பெயர்கள் அரிது. 1,000 பேருக்குக் குறைந்த கொம்யூன்களில் அண்மைக்காலம் வரை வாக்காளர்கள் சீட்டிலுள்ள பெயர்களை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணப்பட்டார்கள். யாரை ஊர் விரும்பவில்லை என்பது எண்ணிக்கையில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். 2025 மே 21இன் சட்டம் அதை முடித்துவைத்தது: 2026 மார்ச் தேர்தல் முதல் இச்சிற்றூர்களிலும் பெண்ணும் ஆணும் மாறிமாறி இடம்பெறும் பட்டியலுக்கே வாக்களிக்க வேண்டும், பெயரை அடிக்க முடியாது. லொசேரின் கொம்யூன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் வருகின்றன. எழுபது பேர் வாழும் ஊரில் பட்டியல் நிரப்புவதே கடினம் என்பதால், ஏழு இடங்களுக்கு ஐந்து பேர் கொண்ட பட்டியலையும் சட்டம் ஏற்கிறது. இளவேனில், உங்கள் கட்டுரைகளில் மன்ற உறுப்பினர் எண்ணிக்கையைக் குறிக்கும்போது இந்த விதியையும் சேர்த்துவிடுங்கள். ஏழு என்று எழுதிய இடத்தில் ஐந்து பெயர்களே இருப்பதைக் கண்டு வாசகர் பிழை என்று எண்ணக்கூடாது.